மிரளியைப் பழக்கும் முறை

"முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்றதுக்கா உங்களைக் கூப்பிட்டேன்?" என்று வேலிக்கு வெளியே நின்று கேட்டார் லாயத்தின் உரிமையாளர்.

வேலிக்குள்ளே, கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவருக்குப் பின்னால், எட்டாத மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றது புதிதாக வந்த சாம்பல்நிறப் பெண்குதிரை. துண்டை உதறினால் மிரளும். கதவு கிரீச்சிட்டால் மிரளும். தன் வால் தன்மேல் பட்டாலும் மிரளும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இதற்கு வெளுத்ததும் பேய்தான். லாயத்தில் எல்லோரும் அதை மிரளி என்றே அழைத்தார்கள்.

"மெதுவாப் பேசுங்க சார். நான் உத்துப் பார்த்தா அதுக்குப் பயம். பார்க்காம இருந்தா, இது யாருடான்னு தானா வந்து மோந்து பார்க்கும்."

"மோந்து பார்த்தா?"

"ஒரு துண்டு கேரட். ஒரு நல்ல காரியம் செஞ்சா உடனே கொடுத்திடணும். தப்புக்கு அடி கிடையாது, அதட்டல் கிடையாது. ஆடற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடற மாட்டைப் பாடிக் கறக்கணும்."

"நான் வாங்கினது குதிரைம்மா! வெள்ளிக்கிழமை வண்டி வரும். அதுக்குள்ள முதுகில சேணம் ஏறலைன்னா, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிடுவேன்."

"புது இடம், புது முகம். பயந்துபோய் நிக்குது. அதைத் திமிர்னு நினைச்சுத் துரத்திவிட்டா பாவம் சார்."

உரிமையாளர் வேலியில் சாய்ந்துகொண்டார்.

மதியச் சாப்பாட்டோடு பயிற்சியாளரின் மருமகள் வந்தாள். அண்மையில்தான் மணமாகி அந்த வீட்டுக்கு வந்தவள். நாள்தோறும் சாப்பாடு கொண்டுவருவாள். மாமியார் வேலை முடித்துச் சாப்பிடும்வரை வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருப்பாள். வாய் மட்டும் திறக்க மாட்டாள்.

அன்றுதான் முதன்முறையாக மிரளி மூலையை விட்டு நகர்ந்தது. ஓரடி வைத்தது. நின்றது. இன்னும் ஓரடி. அதன் மூச்சு பயிற்சியாளரின் தோளில் பட்ட அதே கணத்தில், மருமகளின் கையிலிருந்து பாத்திரத்தின் மூடி நழுவிக் கல்லில் விழுந்து கணீரென்றது.

குதிரை திடுக்கிட்டது, ஆனால் ஓடவில்லை.

"அறிவு இருக்காடி உனக்கு!" என்று பயிற்சியாளர் எழுந்து நின்று போட்ட சத்தத்தில்தான் ஓடியது. "ஒரு மூடியைப் பிடிக்கத் துப்பில்லை! வாயைத் திறந்து ஒரு பதில் சொல்றியா? அத்தனையும் திமிர்! பேசாம உங்க அம்மா வீட்டுக்கே போயிடு!"

உரிமையாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதட்டல் கிடையாதுன்னு சொன்னீங்களே?"

"அது குதிரைக்கு சார்."

"குதிரையும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தது?"

பயிற்சியாளர் மறுபடியும் வாளியின்மேல் உட்கார்ந்தார். தோள்களைத் தளர்த்தினார். கேரட்டோடு கையைப் பின்னால் நீட்டினார். நிழல் நீண்டதே தவிர, மிரளி வரவில்லை.

மருமகளோ, தான் அழுவதை யாரும் பார்க்கக் கூடாதென்று, வேலிக்கு வெளியே முதுகைத் திருப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் தோளின்மேல் சூடாக ஒரு மூச்சு பட்டது.

அவள் திரும்பவில்லை. கையை மட்டும் மெல்லத் தோளுக்கு உயர்த்தினாள். கண்ணீரைத் துடைத்திருந்த அந்தக் கையை, வேலிக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, மிரளி நக்கியது.

பயிற்சியாளர் திரும்பிப் பார்த்து மெல்ல எழுந்தார். பிறகு, "அப்படியே இரும்மா, நகராதே," என்றார். குதிரையோடு பேசும் குரல் அது. மருமகள் அந்தக் குரலைத் தனக்கென்று கேட்டதே இல்லை.

அன்றைக்கு மிரளியின் முதுகில் ஒரு போர்வை மட்டும் ஏறியது. அடுத்து வந்த நாள்களில், மருமகள் அதன் தலையருகே நிற்க, சேணமும் ஏறியது. வெள்ளிக்கிழமை வந்த வண்டி வெறுமனே திரும்பிப் போயிற்று.

அன்று மாலை வீட்டுச் சமையலறையில், மருமகளின் கை தவறிப் பால் பாத்திரம் கவிழ்ந்தது. அடுப்பு, தரை, மாமியாரின் சேலை ஓரம் என்று எல்லா இடத்திலும் பால்.

மாமியார் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே வந்த மகன் பதறிப்போனான். "என்னம்மா ஆச்சு? ஏன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கே?"

"சத்தம் போடாம போடா," என்றார் அவர். பிறகு, சுவரிடம் சொல்வதுபோல், "பால்தானே. போனாப் போகட்டும். சூடா இருந்துதே, கையில பட்டுதாம்மா?" என்றார்.

பின்னால் காலடி கேட்டது. ஓரடி. நின்றது. இன்னும் ஓரடி.

மாமியாரின் உள்ளங்கையில் சில்லென்று ஏதோ வந்து அமர்ந்தது. எடுத்துப் பார்த்தார். கேரட் துண்டு.

"என்னடி இது?"

"நல்ல காரியம் செஞ்சா உடனே கொடுத்திடணும்னு நீங்கதானே சொன்னீங்க, அத்தை? தினமும் ஒரு துண்டு நறுக்கி வெச்சுக்கிட்டு, நானும் காத்துக்கிட்டேதான் இருந்தேன்."