மகாவலியில் நான்கு நாள்

“முதல் நாள் கூடாரம் எங்கே அடிச்சனாங்கள்?” என்று பிரணவன் கேட்டான்.

“ஆத்து நடுவில, மணல்திட்டில. விடிய யானைகள் தண்ணி குடிக்க வந்தது,” என்றாள் மேகலா.

“வள்ளத்தில முன்னுக்கு ஆர் இருந்தது?”

“நான்தான். துடுப்புப் போடாமல் கொக்குப் பாத்தனெண்டு உங்களிட்டப் பேச்சும் வாங்கினனான்.”

“கெட்டிக்காரி! மூண்டாம் நாள்?”

“மழை. பிஸ்கட்டைத் திண்டுபோட்டுப் படுத்தனாங்கள்.”

“இல்லையப்பா, நூடில்ஸ் அவிச்சனாங்கள். சுடுதண்ணிக் கேத்தில் பட்டுக் கை சுட்டு அழுதனீர். இடக்கை.”

மேகலா கொப்பியில் ‘இடக்கை’ என்று எழுதிக்கொண்டாள்.

நாளைக்கு அவளுக்குக் கனடா விசா நேர்முகம். பதிவுத் திருமணம் முடிந்து அவன் கொழும்பு வெள்ளவத்தையில் நின்ற ஆறு நாளும் சொந்தக்காரர் வீட்டு விருந்துகளிலேயே கழிந்துவிட்டது. ஒன்றாக ஒரு பயணமாவது போயிருந்தால்தான் கணவன் மனைவி என்று நம்புவார்களாம். அதனால், இருவரும் போகாத இந்தப் பயணத்தை ஒரு கிழமையாக அவன் ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசியில் சொல்லிக்கொடுக்கிறான்.

“நீந்தத் தெரியுமோ எண்டு கேட்டால்?”

“தெரியுமெண்டு சொல்லும். கரையில நான் பயந்துகொண்டு நிக்க, ரெண்டு தரம் ஆத்தைக் கடந்து நீந்தினனீர். கூப்பிடக் கூப்பிடச் சிரிச்சுக்கொண்டே போனீர்.” அவன் குரலிலும் சிரிப்பு இருந்தது. அவளோடு கதைக்கும்போது ஒருநாளும் வராத சிரிப்பு.

இது புனைந்து சொல்லும் கதையில்லை என்று மேகலாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பேனையைக் கீழே வைத்தாள்.

“அவவின்ர பேர் என்ன?”



“அதை அங்கே கேக்க மாட்டினம்,” என்றான்.