கரகரப்பின் ரசிகை

“இதுவும் இல்லையாம் அண்ணே. அடுத்ததைப் போடுங்க.”

இசைக்கருவிக் கடைக்காரர் கிட்டாரை மடியிலேயே வைத்துக்கொண்டு, காலடியில் இருந்த பெடலை ஓரமாகத் தள்ளினார். காலால் மிதித்தால் கிட்டாரின் குரலையே மாற்றிவிடும் சின்ன இரும்புப் பெட்டிகள் அவை. கடை திறந்ததிலிருந்து ஒவ்வொன்றாக அலமாரியை விட்டு இறங்கி, வாசித்துக் காட்டப்பட்டு, தோற்றுப்போய்த் தரையில் கிடந்தன.

எதிரே நின்றவனுக்கு முப்பது வயது இருக்கலாம். கண் இரண்டும் சிவந்திருந்தன. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான், தோளில் ஏதோ வெள்ளைக் கறை. வாசிப்பு நின்ற பிறகும் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மெல்ல ஆடிக்கொண்டே இருந்தான். பார்த்ததுமே கடைக்காரருக்குப் பிடித்துப் போயிற்று. ராக் இசைக்காரன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து கிட்டார் கேட்பவர்களை அவர் ஒரு ஆளாகவே மதிப்பதில்லை.

வந்தவனோ தனக்கு வாசிக்கவே தெரியாது, நில அளவை அலுவலகத்தில் வேலை என்றான். கடைக்காரர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். வாசிப்பது மனைவியாம். அவளுடைய பழைய பெடலில் பால் கொட்டி அது ஊமையாகிவிட்டதாம். அந்தக் காலத்து ராக் பாட்டுகளில் வருமே, அந்தக் கரகரப்பு, அப்படியே அச்சு அசலாக வேண்டும், இன்றைக்கே வேண்டும். கிடைக்காவிட்டால் தானும் மனைவியும் பைத்தியம் பிடித்துத் தெருவில் ஓடுவது உறுதி என்றான். அவன் விளையாட்டுக்குச் சொல்வதாகத் தெரியவில்லை.

அதற்காகவே கைப்பேசியை ஒலிபெருக்கிக்கு முன்னால் சாய்த்து வைத்திருந்தான். அந்தப் பக்கம் மனைவி. தீர்ப்பு மட்டும் இவன் காதில் செருகியிருந்த ஹெட்போனில் வந்துகொண்டிருந்தது.

உங்கள் வீட்டம்மாவுக்கு நல்ல காது என்று கடைக்காரர் பாராட்டி வைத்தார்.

“முடிவு பண்றது அவ இல்லண்ணே. அவ பக்கத்துல இருக்கிறவங்க. அவங்களுக்காகத்தான் என் மனைவி வாசிக்கிறதே.”

கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “யாரு, பெரிய ஆளா?”

“பெரிய ஆள்னெல்லாம் சொல்ல முடியாது. ஆனா அவங்க வச்சதுதான் சட்டம். பிடிக்கலன்னா வீடே ரெண்டாயிடும். பதிவு பண்ணினதைக்கூடப் போட்டுப் பாத்தோம். எப்படித்தான் கண்டுபிடிப்பாங்களோ.”

யாரோ புகழுக்கு ஆசைப்படாத மகா கலைஞி என்று கடைக்காரர் தீர்மானித்துவிட்டார். இந்தக் காலத்தில் பதிவுக்கும் நேர் வாசிப்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு காதா? அவருக்குப் புல்லரித்தது. கடை போட்ட நாளிலிருந்து அவர் வாசிப்பதெல்லாம் பெட்டி வேலை செய்கிறது என்று காட்டத்தான். அவர் வாசிப்புக்காக யாரும் காது கொடுத்ததில்லை. இன்று ஒருத்தர் கொடுக்கிறார். அவரைத் திருப்திப்படுத்தாமல் விடுவதில்லை என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

எதிரொலிப் பெடலைப் போட்டார். கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவது போல இருந்தது.

முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம்.

‘வா-வா’ பெடலை மிதித்தார். கிட்டார் வாயைத் திறந்து திறந்து மூடியது. அதற்கு ஒரு நிமிஷம் அமைதியாக இருந்தார்களாம், பிறகு ஒரே ரகளையாம். கடைக்காரருக்கும் அந்தப் பெடலைக் கண்டாலே ஆகாது. ஆகவே, அவர்கள்மேல் மரியாதை இன்னும் கூடியது.

கடைசியில் எழுந்து உள்ளே போனார். வாலிப வயதில் தன் குழுவோடு மேடை மேடையாகச் சுற்றிய பெடலைத் தூசி தட்டி எடுத்து வந்தார். பெயிண்ட் உரிந்து, மூலை நசுங்கியிருந்தது. இது விற்பதற்கு இல்லை, சத்தம் எப்படியிருக்க வேண்டும் என்று காட்டத்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வந்தவன் பார்த்தான், அதன் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று அணையப் போவதுபோல இருந்தது. புது பேட்டரி வாங்கி வரட்டுமா என்று கேட்டான்.

“வேணாம் தம்பி. பேட்டரி உயிரை விடுற நிலைமையிலதான் இருக்கணும். புதுசு போட்டா குரல் தெளிஞ்சிடும். தெளிஞ்சா அப்புறம் அது பழைய ராக்கே இல்ல.”

அதன் பின்னால் ஒலியை அலை அலையாக ஏற்றி இறக்கும் ட்ரெமோலோ பெடலையும் இணைத்தார். வேகத்தை நன்றாகக் குறைத்து, ஒரே சீராக வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.

கடையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. சுவரில் மாட்டியிருந்த கிட்டார்கள் எல்லாம் சேர்ந்து முனகின. முரட்டுத்தனமான, கரடுமுரடான, பழைய, அருமையான சத்தம். கடைக்காரருக்கு இருபது வயது திரும்பிவிட்டது.

அவர் கண் திறந்தபோது, வந்தவனின் ஆட்டம் நின்றிருந்தது. நிறுத்தாதீர்கள் என்று கையைக் காட்டினான். அவன் கண்ணில் தண்ணீர் தளும்பியது. உதட்டில் விரலை வைத்தபடி பக்கத்தில் வந்து, ஹெட்போனைத் தன் காதிலிருந்து எடுத்துக் கடைக்காரரின் காதில் செருகினான். மகா கலைஞி தன்னிடம் என்ன சொல்லப் போகிறாரோ என்று கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார்.

கேட்டது ஒரு பெண்ணின் ரகசியக் குரல்.

“நிறுத்திடாதீங்க. வயித்துல இருந்த ஒன்பது மாசமும் இதைத்தானே கேட்டா. பாப்பா தூங்கிட்டா.”

மகா கலைஞி யாரென்று புரிந்ததும் கடைக்காரருக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. வாசிப்பை விடாமலே, பெடலை எடுத்துக்கொண்டு போ என்று சொல்வதற்காகத் திரும்பினார். ட்ரம் வாசிப்பவர் உட்காரும் ஸ்டூலில், சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு அப்பனும் தூங்கிப் போயிருந்தான்.