குளம் போட்ட துண்டு

மனைக்கற்கள் மட்டுமே நின்ற பொட்டலின் பள்ளமான மூலையில், மழைத்தண்ணீருக்காகப் பெரிய குளம் வெட்டினார்கள். முதல் மழையை மண்ணே குடித்துவிட்டது. குளத்துக்கு அடி மட்டும்தான் நனைந்தது.

"கால்வாசிகூட நிரம்பலியே, எதுக்கு இம்புட்டு வயிறு?" என்று கேட்டது தவளை.

"பஸ்ஸுல துண்டு போட்டு இடம் பிடிக்கிறதில்லையா? இனிமே கட்டப்போற வீட்டு மாடித் தண்ணிக்கெல்லாம் இடம் போட்டு வச்சிருக்கேன்," என்றது குளம்.

"வராத ஆளுக்கு எதுக்கு இடம்?" தவளை கோபித்துக்கொண்டு போய்விட்டது.

வருஷங்கள் ஓடின. மனைகளெல்லாம் வீடுகளாயின, மண்பாதை சிமெண்டானது. ஓர் ஐப்பசி மழையில் அத்தனை மாடித் தண்ணீரும் தெருவில் திரண்டு, ஒரு வாசலில் தூங்கிய தவளையையும் அடித்துவந்து குளத்தில் தள்ளியது.

குளம் கரைவரை நிரம்பியிருந்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா," என்றது தண்ணீரிடம், "நம்ம தவளை வந்திருக்கு."