இரவல் கீப்பர்

"அக்கா, பார்த்துக்கிட்டே இருங்க. இவ வேணும்னே கோல் விடுவா" என்று காதைக் கடித்தாள் நர்ஸ்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள் கேப்டன். அவள் பல் டாக்டர். வாயைத் திறந்ததுமே சொத்தை எங்கே என்று சொல்லிவிடுகிறவள்.

இருவரும் முறைத்துக்கொண்டிருந்தது கோல் கம்பத்தின் அருகே பேடு கட்டிக்கொண்டிருந்த நெட்டைப் பெண்ணை. அவள் இவர்களுடைய சிவப்பு அணியே இல்லை. சற்று நேரத்தில் இவர்கள் மோதப்போகும் பச்சை அணியின் ஆள்.

வேறு வழியில்லை. சிவப்பு அணியின் கீப்பர், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். காலையில் தன் பஸ் கதவிலேயே விரலை நசுக்கிக்கொண்டாள். வீங்கிய விரல் கையுறைக்குள் நுழைவேனா என்றது. இந்த மாதிரி சனி ஞாயிறு ஹாக்கிப் போட்டிகளில் ஒரு அணிக்குக் கீப்பர் இல்லையென்றால், எதிரணியிடமே கேட்டு வாங்கிக்கொள்வது உண்டு. பச்சை அணியில் இரண்டு கீப்பர்கள் இருந்தார்கள்.

கேட்கப் போக டாக்டருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நல்லவேளையாக, அதற்குச் சற்று முன்புதான் பச்சை அணியின் கேப்டன், ஒரு டெய்லரம்மா, இவளிடம் உதவி கேட்டு வந்திருந்தாள்.

"டாக்டரம்மா, எங்க பொண்ணு ஒருத்தியோட ஸ்டிக் உடைஞ்சிடுச்சு. உங்ககிட்ட கூடுதலா இருந்தா குடுங்களேன்."

டாக்டர் தன் பைக்குள் கையை விட்டு நெடுநேரம் துழாவினாள். கைப்பிடி டேப் பிரிந்து தொங்கிய ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இது ஒண்ணுதாங்க இருக்கு."

"ஐயோ, இதுவே போதும். ரொம்ப நன்றி."

ஆக, கொடுத்த கைக்குக் கேட்கவும் உரிமை உண்டு என்று தைரியமாகப் போய்க் கேட்டாள். டெய்லரம்மா தன் கீப்பர்கள் இருவரையும் ஒரு நிமிடம் பார்த்தாள். ஒருத்தி கோலையே அடைத்துக்கொண்டு நிற்கும் வாட்டசாட்டம். இன்னொருத்தி காற்றடித்தால் சாயும் நெட்டை.

"இவளைக் கூட்டிட்டுப் போங்க" என்று நெட்டையின் முதுகைத் தட்டினாள்.

"இருக்கறதுலயே உதவாததைத் தள்ளிவிட்டுட்டா" என்று டாக்டர் நர்ஸிடம் புலம்பினாள். "யாரா இருந்தாலும் அதைத்தானே செய்வாங்க?"

அவள் கவலை அவளுக்கு. வருஷா வருஷம் அரையிறுதியோடு மூட்டை கட்டுகிற அணி இது. 'இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமையை இப்படி வீணாக்குவே?' என்று பாதிப் பேர் வீட்டில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இந்த முறையும் தோற்றால் அடுத்த வருஷம் ஆட ஆளே இருக்காது.

விசில் ஊதியது.

பஸ் டிரைவரின் தொளதொளச் சட்டைக்குள் நெட்டைப் பெண் ஹேங்கரில் மாட்டியது போல நின்றாள். ஆனால் வந்த பந்தையெல்லாம் காலால் தட்டினாள், கையால் தள்ளினாள். எதிர்ப்பக்கம் டாக்டர் அடித்த இரண்டு பந்துகள் அந்த வாட்டசாட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து கோலாயின.

"நான் அடிச்ச அடி அப்படி!" என்று டாக்டர் குதித்தாள்.

இரண்டாம் பாதியில் டெய்லரம்மா மெதுவாக உருட்டிய பந்து ஒன்று நெட்டைப் பெண்ணைத் தாண்டி உள்ளே போனது.

டாக்டர் அத்தனை பேர் முன்னாலும் ஓடிப்போய்க் கத்தினாள். "நீ யார் பக்கம் ஆடுறே? சொல்லிட்டு ஆடு!"

"வெயில் கண்ணுல பட்டுடுச்சுக்கா. இனிமே விடமாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டாள்.

ஆட்டம் முடிகிற நேரம். பச்சை அணிக்குப் பெனால்டி கார்னர். டெய்லரம்மா பந்தை ஓங்கி அடித்தாள். கோலின் மூலையைப் பார்த்துப் பறந்த பந்தை, நெட்டைப் பெண் முழு நீளத்துக்கும் பாய்ந்து வெளியே தள்ளினாள். அதோடு விசில்.

சிவப்பு அணி முதல் முறையாக இறுதிப் போட்டிக்குள் நுழைந்தது. நர்ஸ் அழுதேவிட்டாள்.

டாக்டருக்குத் தான் கத்தியது நெஞ்சை உறுத்தியது. நெட்டைப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா. தப்பு என்னுதுதான்."

"விடுங்கக்கா" என்று அவள் சிரித்தாள்.

டெய்லரம்மா வியர்வையைத் துடைத்தபடி வந்தாள். "நாளைக்கு ஃபைனலுக்கும் இவளையே வெச்சுக்கோங்க டாக்டரம்மா. எங்களுக்குத்தான் வேலை முடிஞ்சிடுச்சே."

"இவ்வளவு நல்லா ஆடுற பொண்ணை ஏங்க ரெண்டாவது கீப்பரா வெச்சிருக்கீங்க?"

"ரெண்டாவதா? எங்க முதல் கீப்பரே இவதான். அந்த இன்னொரு பொண்ணு போன மாசம்தான் பேடு கட்டவே கத்துக்கிட்டா."

டாக்டருக்குத் தன் இரண்டு கோல்களும் ஞாபகத்துக்கு வந்தன. "அப்புறம் எதுக்கு எங்களுக்கு இவளைக் குடுத்தீங்க?"

டெய்லரம்மாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "கேட்டு வந்தவங்களுக்கு மட்டமானதையா குடுப்பாங்க?"

பிறகு கையிலிருந்த ஸ்டிக்கை நீட்டினாள். "இந்தாங்க. கைப்பிடி பிரிஞ்சிருந்துது, புது டேப் சுத்திட்டேன். பாவம், கூடுதலா இருந்த ஒண்ணையும் எங்களுக்கே குடுத்துட்டீங்க."

டாக்டர் அதை வாங்கிக்கொண்டு, தோளில் தொங்கிய பையை, உள்ளே இருந்த இரண்டு புது ஸ்டிக்குகளும் தெரியாதபடி, முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.