எதிர்வீட்டுச் செருப்புகள்

கையால் தொடவில்லை. துடைப்பக்கட்டையின் நுனியால் தள்ளினாள்.

முதலில் போனது ஒரு ரப்பர் செருப்பு. அறுந்த வாரை ஊக்கு ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது.

கீழே நிறுத்தியிருப்பது புதுக் கார். காலுக்கு ஊக்குப் போட்ட செருப்பு.

எதிர்வீட்டுச் செருப்புகள் அவர்கள் கதவில் ஆரம்பித்து, லிஃப்டுக்கு முன்னால் பரவி, அவள் வீட்டுக் கால்மிதியில் வந்து முடியும். செருப்பு வைக்கவென்று ஒரு ஸ்டாண்டும் வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

அதில் வெங்காயம் காய்கிறது.

அசோசியேஷனில் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. நேரிலும் சொன்னாள். அந்த வீட்டுப் புனிதா வாய் நிறைய இட்லியோடு சிரித்தாள்.

“செருப்புதானே அக்கா, கடிக்கவா போகுது?”

அக்காவாம். புனிதா தலையிலேயே பாதி நரை.

அந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் சிரிப்பு. டிவியைப் பார்த்துச் சிரிப்பார்கள். சாம்பார் கொட்டினாலும் சிரிப்பார்கள். எல்லாம் சுவரைத் தாண்டி இங்கே வரும். அப்படிச் சிரிக்க என்னதான் இருக்கிறதோ என்று ஒருநாள் மகள் சாருவிடம் கேட்டாள். சாரு தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

இன்று மட்டும் சத்தமில்லை.

ஒருநாளாவது வாயை மூடத் தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று சாருவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

லிஃப்டைவிட்டு இறங்கியதும் மாப்பிள்ளை வீட்டார் மிதிக்கப்போவது இந்தக் குப்பையைத்தான். அவர்களை அழைத்துவரக் கணவர் கேட்டுக்குப் போயிருந்தார். பூ வாங்கி வருகிறேன் என்று பட்டுப்புடவையோடு இறங்கிப் போன சாருவை இன்னும் காணோம். பூக்காரம்மாவிடம் கதையளந்துகொண்டு நிற்பாள்.

துடைப்பம் வேலை செய்தது. எல்லாம் படிக்கட்டு மூலைக்கு.

வீட்டுக்காரரின் தோல் செருப்பு. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது. நேராக நடக்கக்கூடச் சோம்பல்.

புனிதாவின் தங்க நிறச் செருப்பு. கல்யாண வீட்டுக்கும் கறிக்கடைக்கும் அதே.

ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும். வெறுத்து வெறுத்தே மனப்பாடமானவை.

அடுத்தது மகன் எழிலின் ஷூ. குதிகால் பக்கம் மிதித்து மிதித்துச் சப்பையாகியிருந்தது. குனிந்து மாட்ட வணங்காத உடம்பு. இவனுக்கு ஒரு வேலை, அதில் ஒரு பதவி உயர்வு. அதற்கு லட்டு வேறு. அந்த லட்டை டப்பாவோடு வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டாள். சாருவுக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. லட்டு என்றால் அவளுக்கு உயிர்.

ஷூவைத் தள்ளினாள்.

அதற்குப் பின்னால் இன்னொரு ஜோடி.

துடைப்பம் நின்றது.

மயில்கழுத்து நிறம். வாரில் முத்து. புடவைக்குப் பொருத்தமாக வேண்டுமென்று, நேற்று அப்பாவும் மகளும் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிவந்தது.

அந்த வாசலிலேயே அது மட்டும்தான் ஒழுங்காக இருந்தது. ஜோடி சேர்த்து, சுவரோரமாக.

சின்ன வயதில் அவள் சொல்லிக்கொடுத்தபடி.

எடுத்துத் தன் வாசலில் வைத்துவிடலாம். குனிந்தாள். கை நீண்டது.

கதவுக்கு அந்தப் பக்கம் புனிதாவின் குரல். இவ்வளவு தணிந்து அவள் பேசி இவள் கேட்டதில்லை.

“அழாத சாரு. கண்மை கலையுது பாரு.”

நீண்ட கை அப்படியே நின்றது.

கீழே லிஃப்ட் கதவு மூடியது. மேலே வர ஆரம்பித்தது.

கணவரும் அதில்தான் வருகிறார். அவர் கையால் எடுத்துக் கொடுத்த செருப்பு. ஒரு பார்வை போதும்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

படிக்கட்டு மூலைக்குப் போனாள். வீட்டுக்காரரின் தோல் செருப்பை எடுத்தாள். தங்க நிறச் செருப்பை எடுத்தாள். சப்பையான ஷூவை மார்போடு அணைத்துக்கொண்டாள். கட்டியிருந்த பட்டில் மண் ஒட்டியது.

மயில்கழுத்து நிறத்தின் மேல் ஒவ்வொன்றாகப் போட்டாள். ஓரத்தில் ஒரு முத்து இன்னும் தெரிந்தது. அதன்மேல் ஊக்குப் போட்ட செருப்பை வைத்தாள்.

இன்னும் நாலைந்து இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

லிஃப்ட் திறந்தது.

வந்தவர்கள் குவியலைப் பார்த்துத் தயங்கினார்கள். கணவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“சே! எத்தனை தடவை சொன்னாலும் திருந்தாத ஜென்மங்க.” காலால் ஒதுக்கப் போனார்.

அவள் குறுக்கே வந்து நின்றாள்.

“விடுங்க. செருப்புதானே.”