ரத்தத்தில் ஊறிய வில்

"இன்னா சார் இது, வில்லா? நாங்க சடுகுடு ஆடுவோம், கில்லி ஆடுவோம். இத்த எங்க தாத்தனே சினிமாலதான் பாத்துகீறாரு!" என்றார் தேவராஜ்.

நெமிலிச்சேரி இருளர் குடியிருப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பழங்குடி விளையாட்டு விழா நடத்த வந்திருந்த மன்றச் செயலாளர் ஜெகதீசன் மட்டும் சிரிக்கவில்லை. எதையும் படித்துவிட்டு வந்து பேசுகிற மனிதர், பாவம்.

"கூச்சப்படாதீங்க பெரியவரே. உங்க ரத்தத்துலயே வில் இருக்கு! அந்தப் பலகையில நடு மஞ்சள்ல அடிக்கிறவங்க ஊட்டி மாநில விழாவுக்குப் போகலாம். கூட ஒருத்தரையும் அழைச்சிட்டுப் போகலாம். யாருமே அடிக்கலேன்னா அந்த இடம் வேற ஊருக்குப் போயிடும்."

ஊட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் பானுப்பிரியா தன் புருஷன் நிர்மலைக் கிள்ளினாள். கல்யாணமாகி ஆறு மாதம். அவனுக்கு ஞாயிறு லீவு, அவளுக்குச் செவ்வாய் லீவு. இருவரும் சேர்ந்து பட்டாபிராம் வரைகூடப் போனதில்லை.

"மாமா, நான் போறேன்."

"சொம்மா இரு புள்ள. மாமன் அடிக்கிறேன் பாரு!"

முதலில் தேவராஜ் விட்டார். அம்பு அவர் காலடியிலேயே விழுந்து படுத்துக்கொண்டது. அடுத்து வந்த செல்வகுமாரின் அம்பு பந்தல் துணியைக் கிழித்துக்கொண்டு மேலே போனது, திரும்பி வரவே இல்லை. நிர்மல் வில்லைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கடைசி நொடியில் இன்னொரு கண்ணையும் மூடிக்கொண்டான். டப்! ஸ்பீக்கர் பெட்டியில் பாட்டு நின்றது.

"அடப்பாவி! பலகை அங்க கீதுடா!" என்று கூட்டத்திலிருந்து ராஜம்மா கத்தினாள். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

ஜெகதீசனின் முகம் தொங்கிப்போனது. "வேற யாராவது?"

"நான் சார்!" பானுப்பிரியா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"நீயாம்மா? பொண்ணுங்களுக்குக் கோலப் போட்டி அந்தப் பக்கம் நடக்குதே..."

"ஐய, உடு சார்! அதுவும் இருளப் பொண்ணுதானே, அதுக்கு மட்டும் வேற ரத்தமா?" என்றாள் ராஜம்மா.

மறுக்க முடியாமல் ஜெகதீசன் மிச்சமிருந்த மூன்று அம்புகளையும் நீட்டினார்.

முதல் அம்பு பலகையைத் தாண்டிப் போனது. இரண்டாவது, பலகையின் ஓரத்தில் குத்தி நின்றது. "போச்சு, ஊட்டி போச்சு!" என்று நிர்மல் தலையில் கை வைத்துக்கொண்டான்.

பானுப்பிரியா மூச்சை இழுத்து நிறுத்தினாள். நாண் கன்னம் வரை வந்தது. சர்ர்ர்!

நட்ட நடு மஞ்சள்.

கிளம்பியதே ஒரு கூச்சல்! ஆவடிக்கே கேட்டிருக்கும். ராஜம்மா விசில் அடித்தாள். நிர்மல் பெண்டாட்டியைத் தூக்கிச் சுற்றினான், சுற்றிய வேகத்தில் இரண்டு பேரும் கோலப் போட்டிக்குள் விழுந்தார்கள்.

ஜெகதீசனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் மைக்கைப் பிடித்தார்.

"பார்த்தீங்களா! நான் சொல்லல? ரத்தம் பேசுதுங்க, ரத்தம்! இந்தக் கையில ஆயிரம் வருஷம் இருக்கு! சொல்லும்மா, இந்தக் கலை உன் பாட்டன் கொடுத்ததா, முப்பாட்டன் கொடுத்ததா?"

முகமெல்லாம் கோல மாவோடு பானுப்பிரியா மைக்கை வாங்கினாள்.

"ரெண்டு பேரும் இல்ல சார், பூந்தமல்லி ரோட்டு மால்ல மூணாவது மாடியில அம்பு உடுற விளையாட்டு கீதில்ல, அங்கதான் எனக்கு வேலை. தொப்பி, யூனிபார்ம் இல்லாததால உங்களுக்கு அடையாளம் தெரியல. போன ஞாயித்துக்கிழமை 'மொழங்கையைத் தூக்குங்க சார், மொழங்கையைத் தூக்குங்க சார்'னு உங்களுக்குப் பத்து தபா சொல்லிக் குடுத்ததே நான்தான் சார்!"