தீபாவளிக் காலையின் ருசி

இப்போது எல்லோர் தட்டிலும் ஒரே சத்துமாவுதான். அவரவர் நாக்கில் பதித்த சிப், கேட்ட ருசியைக் கொடுக்கும். ஆனால் தீபாவளிக் காலையில் எங்கள் வீட்டில் அத்தனை நாக்கிலும் இட்லியும் கறிக்குழம்பும்தான். மறைந்த என் மனைவி காந்திமதியின் கைப்பக்குவம். முதல் வாயிலேயே அவள் அடுப்படியில் நிற்பதுபோல் இருக்கும்.

இந்த வருஷம் புது மருமகள் உமையாள் கண்கலங்கச் சாப்பிட்டாள்.

"என்ன தாயி, காரமா?"

"இல்ல மாமா... சிப்புல எங்கம்மா சுடுற வெள்ளைப் பணியாரத்த வச்சிருக்கேன். நெனப்பு வந்துருச்சு."

மகன் பதறினான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நல்ல நாளும் அதுவுமா இந்த வீட்ல ஆளுக்கொரு ருசி கிடையாது."

உமையாள் சிப்பின் ருசியை மாற்ற வாயருகே கையைக் கொண்டுபோனாள்.

"நீ மாத்தாத. எங்க எல்லாருக்கும் பணியாரத்த வை."